லேஅவுட்ல பிளானும் 3டி ஐசோ வியூவும் ஒரே ஷீட்ல வைக்கிறது எப்பிடி?

கொட்டகலை_கோடு:

வணக்கம் எல்லாருக்கும். ஒட்டோகேட் (கட்டடப் படம் வரையிற சொஃப்ட்வேர்) லேஅவுட், அதாவது பிரின்ட் எடுக்குற தாள் பக்கம், அது பத்தி ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஒரு வீட்டு பிளான் செஞ்சுக்கிட்டு இருக்கேன், 7 பேர்ச் காணி. நம்ம பக்கத்து காணி எப்பிடின்னு தெரியும்தானே, முன்பக்கம் ரோட்டு மட்டத்துல இருக்கு, பின்பக்கம் அப்பிடியே தேயிலைக்குள்ள இறங்குது. அதனால பின்னால தூண் ஏத்தி, கீழ ஒரு ஸ்டோர் ரூம், பக்கத்தால படி, அதுக்கு அங்கால ரிடெய்னிங் வோல் (மண்ணத் தாங்குற சுவர்). எல்லாத்தையும் 3டி சொலிட்டாவே போட்டுட்டேன். வீட்டுக்காரர் பிளான திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இந்த படி எங்க இருந்து எங்க தம்பி இறங்குது"ன்னு கேக்குறாரு, மனுசனுக்கு பிளான் வாசிச்சுப் பழக்கம் இல்ல. அதனால ஒரே ஏ3 ஷீட்ல பிளான், முன் எலிவேஷன், ஒரு செக்ஷன், மேல வலது மூலையில ஐசோ வியூ (மூலையில இருந்து சரிவாப் பாக்குற 3டி படம்) ஒண்ணு, இப்பிடி வச்சுக் குடுக்கலாம்னு பாக்குறேன்.

வரையிற பக்கமான மொடல் டெப்ல சவுத் வெஸ்ட் ஐசோமெட்ரிக் போட்டா அழகா வருது. லேஅவுட்டுக்கு போனா அங்க பழைய பிளான் தான் நிக்குது. அங்க வச்சு 3டி ஓர்பிட் அடிச்சா பேப்பர் ஸ்பேஸ்ல இந்த கொமாண்ட் ஏலாதுங்குது. எப்பிடியோ ஒரு வியூபோர்ட்ட ஐசோவுக்கு கொண்டு வந்தா பிரின்ட் பிரிவியூவுல சுவருக்குப் பின்னால இருக்குற கோடெல்லாம் ஊடுருவித் தெரியுது, எது கதவு எது தூண்னு ஒண்ணும் விளங்கல. புளொட் (பிரின்ட் எடுக்குற) பெட்டியில ஹைட் பேப்பர்ஸ்பேஸ் ஒப்ஜெக்ட்ஸ்னு ஒரு டிக் இருக்கே, அதப் போட்டும் ஒரு மாற்றமும் இல்ல. இதுக்கு வழி இருக்கா, இல்லாட்டி ஐசோவ தனியா 2டியில வரைஞ்சு ஒட்டுறது தான் லேசா?


பதுளை_பிளான்காரன்:

தம்பி, 3டி ஏற்கனவே இருக்குதுன்னா திரும்ப 2டியில வரையிறது வீண் வேல. முதல்ல ஒரு விசயம் விளங்கிக்கங்க, மொடல் டெப்ல நீங்க பாக்குற கோணத்துக்கும் லேஅவுட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. லேஅவுட்ல ஒவ்வொரு வியூபோர்ட்டும் தனித்தனி ஜன்னல், ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா ஒரு கோணம், ஒரு ஸ்கேல், ஒரு விஷுவல் ஸ்டைல், எந்த லேயர் தெரியணும் எது தெரியக்கூடாதுங்கிறது உட்பட எல்லாம் இருக்கு. வெளிய நிக்கிற வரைக்கும் நீங்க தாள்ல நிக்கிறீங்க, தாளுக்கு 3டி கோணம் கிடையாது, அதான் ஓர்பிட் ஏலாதுங்குது. கீழ மூலையில யூசிஎஸ் (எக்ஸ், வை அச்சு எந்தப் பக்கம்னு காட்டுற) அடையாளம் செட் ஸ்குவயார் மாதிரி முக்கோணமா நிக்குதுன்னா நீங்க இன்னும் தாள்ல தான் இருக்கீங்க.

எம்வியூ அடிச்சு மேல மூலையில ஒரு பெட்டி போடுங்க. அதுக்கு உள்ள டபுள் கிளிக் பண்ணுங்க, விளிம்பு தடிப்பாகும், அப்ப உள்ள போயிட்டீங்க. இப்ப சவுத் வெஸ்ட் ஐசோ குடுத்தா அந்தப் பெட்டி மட்டும் திரும்பும், பக்கத்துல இருக்குற பிளான் அசையாது. எம்எஸ் அடிச்சாலும் உள்ள போகலாம், பிஎஸ் அடிச்சா வெளிய.

இதுல வரிசை முக்கியம். முதல்ல கோணம், அதுக்குப் பிறகு ஸ்கேல், கடைசியா லொக். ஏன்னா ஐசோ மாதிரி ரெடிமேட் வியூ ஒண்ணு குடுத்த உடனே அது படம் முழுசும் தெரியிற மாதிரி தானா சூம் ஆகிடும், நீங்க முன்னாடி 1:100 வச்சிருந்தாலும் அது போயிடும். இங்க மிச்சம் பேர் ஸ்கேல முதல்ல வச்சுட்டு "ஸ்கேல் தன்பாட்டுக்கு மாறுது"ன்னு வந்து கேக்குறது இதனால தான். எல்லாம் சரியான பிறகு பெட்டிய தெரிவு பண்ணி புரொபர்டீஸ்ல டிஸ்பிளே லொக்ட் யெஸ் போட்டுருங்க, இல்லாட்டி மவுஸ் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா போச்சு.

பெட்டியோட விளிம்புக் கோடு பிரின்ட்ல வரக்கூடாதுன்னா அத தனி லேயர்ல வச்சு அந்த லேயருக்கு நோ புளொட் குடுங்க. பெட்டி எவ்வளவு பெருசா வைக்கிறதுன்னும் முதலே ஒரு கணக்கு பாத்துக்கங்க. 9 மீட்டருக்கு 7 மீட்டர் வீடு, 6 மீட்டர் உயரம்னு வைங்க, 1:100ல பிளான் 90க்கு 70 மில்லிமீட்டர் தான், ஆனா அதே ஸ்கேல்ல ஐசோ சுமார் 115 மில்லிமீட்டர் சதுரத்த பிடிக்கும். ஏ3 தாள் 420க்கு 297, டைட்டில் பட்டி போக நாலு படமும் கொஞ்சம் நெருக்கமா தான் உக்காரும்.


மழைக்கோட்டு:

பின்னால கோடு தெரியிற பிரச்சனைக்கு நான் சொல்றேன். அந்த ஹைட் பேப்பர்ஸ்பேஸ் டிக் பேர்லயே சொல்லுது, தாள் மேல நேரா வரைஞ்ச சாமானுக்கு மட்டும் தான் அது, வியூபோர்ட்டுக்கு உள்ள இருக்குறத அது தொடாது. உள்ள டபுள் கிளிக் பண்ணி ஹைட் அடிச்சாலும் திரையில மட்டும் மறையும், பிரின்ட்ல திரும்ப வந்துரும்.

செய்ய வேண்டியது இது. வெளிய வந்து பெட்டியோட விளிம்ப கிளிக் பண்ணி, கொன்ட்ரோல் 1 அடிச்சு புரொபர்டீஸ் திறந்தா ஷேட் புளொட்னு ஒரு வரி இருக்கும். அது அஸ் டிஸ்பிளேட்ல இருக்கும், அத லெகசி ஹிடன் ஆக்குங்க. அந்த லிஸ்ட்ல சும்மா ஹிடன்னும் ஒண்ணு இருக்கு, அதுவும் மறைக்கும், ஆனா அது விஷுவல் ஸ்டைல், பிடிஎஃப் எடுக்கும்போது கோடு கோடா போகாம போட்டோ மாதிரி புள்ளியா போகும். டவுன்ல கொமியுனிகேஷன் கடையில குடுத்து ஏ3 எடுக்கும்போது பிளான் கோடு ஊசி மாதிரி கூரா இருக்கும், ஐசோ மட்டும் மங்கலா கிடக்கும், கடைக்காரர் மெசின் சரியில்லனு நினைச்சு சண்டை போடாதீங்க. லெகசி ஹிடன் கோடாவே போகும், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது.

கலர் ஷேடிங்கோட வேணும், வீட்டுக்காரருக்கு கூரை சிவப்பா தெரியணும்னா கொன்செப்சுவலோ ரியலிஸ்டிக்கோ போடுங்க, ஆனா அப்ப அது கட்டாயம் போட்டோ மாதிரி தான் போகும். புளொட் பெட்டியில ஷேடட் வியூபோர்ட் ஒப்ஷன்ஸ்ல குவாலிட்டி நோர்மல்ல இருக்குறத பிரசென்டேஷன் ஆக்குங்க, இல்லாட்டி கஸ்டம்ல 300 டிபிஐ குடுங்க.

இன்னொண்ணு, வீட்டுக்கு மேல ரவுண்ட் தண்ணி டேங்க் வச்சிருந்தா லெகசி ஹிடன்ல அது முக்கோண முக்கோணமா கோடு விழுந்து அசிங்கமா வரும். டிஸ்ப்சில்னு ஒரு வேரியபிள் இருக்கு, அத 1 ஆக்கிட்டு ரீஜென் அடிங்க, வெளி விளிம்பு மட்டும் நிக்கும்.


கொட்டகலை_கோடு:

அண்ணே ரெண்டு பேருக்கும் மிச்சம் நன்றி, லெகசி ஹிடன் போட்ட உடனே வீடு வீடா தெரியுது! டேங்கும் சரி ஆகிட்டு.

இப்ப அடுத்தது. ஐசோ வியூபோர்ட்டுக்கும் 1:100 தான் குடுத்து லொக் பண்ணேன். பிரின்ட் எடுத்து ஸ்கேல் ரூலர் வச்சுப் பாத்தா பிளான்ல 60 மில்லிமீட்டர் இருக்குற 6 மீட்டர் சுவர் ஐசோவுல 49 தான் இருக்கு. பிரின்டர் ஃபிட் டு பேப்பர்ல போயிட்டோன்னு பாத்தேன், இல்ல, 1:1ல தான் இருக்கு, பிளானும் சரியா இருக்கு. ஐசோ மட்டும் ஏன் சுருங்குது?


தலவாக்கலை_டீச்சர்:

தம்பி பிரின்டரும் சரி நீங்களும் சரி. 49 வரணும், அது தான் கணக்கு.

ஐசோ வியூவுல நாம கட்டடத்த மூலைக்கு மூலை 45 டிகிரி திருப்பி, மேல இருந்து 35.26 டிகிரி சரிவுல பாக்குறோம். அப்பிடிப் பாக்கும்போது நீளம், அகலம், உயரம் மூணும் நம்மகிட்ட இருந்து சாஞ்சு தான் நிக்கும், எதுவும் நேருக்கு நேர் இல்ல. அதனால மூணும் ஒரே அளவுல, அதாவது மூணுல ரெண்டோட வர்க்கமூலம், 0.8165 மடங்கா குறையும். 60ஐ அதால பெருக்கிப் பாருங்க, 48.99. மூணு பக்கமும் ஒரே மாதிரி குறையிறதுனால தான் படம் கண்ணுக்கு சரியா தெரியுது.

கையால டிரோயிங் போட்ல 30 டிகிரி செட் ஸ்குவயார் வச்சு ஐசோமெட்ரிக் போட்டவங்களுக்கு இது வராது, ஏன்னா அங்க நாம சுருக்காம உண்மையான நீளத்தையே 30 டிகிரி கோட்டுல அளந்து வைப்போம். அதனால கையால போட்ட படம் கம்பியூட்டர் காட்டுற ஐசோவ விட 1.2247 மடங்கு பெருசா இருக்கும். வடிவம் ஒண்ணு தான், சைஸ் தான் வேற.

உங்களுக்கும் அப்பிடி உண்மை நீளம் வரணும்னா வியூபோர்ட்டுக்கு உள்ள போய் சூம் அடிச்சு 0.012247எக்ஸ்பி குடுங்க. எக்ஸ்பின்னா தாள் அளவோட ஒப்பிட்ட மடங்கு, 1:100க்கு 0.01எக்ஸ்பி, அதோட 1.2247 பெருக்கினது தான் இது, மொடலும் தாளும் ரெண்டும் மில்லிமீட்டர்ல இருக்கணும். அப்ப 6 மீட்டர் சுவர் 60 மில்லிமீட்டரா வரும். ஆனா கவனம், மூணு அச்சுக்கும் சமாந்தரமா இருக்குற விளிம்பு மட்டும் தான் சரியா வரும். கூரைச் சரிவு, படியோட கைப்பிடி, சாய்வா போற நிலம் எதையும் ரூலர் வச்சு அளக்க ஏலாது. அதனால என்னோட அபிப்பிராயம் கேட்டா ஐசோவுக்கு அடியில ஸ்கேலே எழுதாதீங்க, "அளவுக்கு அல்ல"னு போடுங்க. 1:100னு எழுதி வச்சா ஒரு நாளைக்கு மேசன் பாஸ் டேப்ப அதுமேல வச்சு அளந்து படிக்கு அளவு எடுப்பாரு, பிறகு யாரு பதில் சொல்றது.


டிக்கோயா_பெக்டரி:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன் யாரும் கோவிக்க வேணாம். எல்லாத்துக்கும் 3டி வேணும்னு இல்ல. நான் பாக்குறது டீ பெக்டரி மெயின்டனன்ஸ் வேல, டிரையர் பக்கத்துல இருந்து சூட்டுக் காத்து போற டக்ட், தண்ணி பைப் லைன், ஸ்டீம் லைன் இதெல்லாம் தான் வரையிறேன். இதுக்கு ஐசோமெட்ரிக் டிரோயிங்க 2டியில தான் போடுறேன், ஐசோடிராஃப்ட் ஓன் பண்ணி எஃப்5 அடிச்சு அடிச்சு இடப்பக்கம் மேல்பக்கம் வலப்பக்கம்னு மாறிக்கிட்டு போனா ஒரு பைப் லைன அரை மணித்தியாலத்துல முடிக்கலாம். வட்டம் வேணும்னா சேர்க்கிள் எடுக்கக்கூடாது, எலிப்ஸ் கொமாண்டுல ஐசோசேர்க்கிள்னு ஒரு ஒப்ஷன் வரும் அதத் தான் எடுக்கணும். பைப் ஐசோவுல நீளம் எழுத்துல இருக்கும், கோடு எவ்வளவு நீளம்னு யாரும் பாக்கிறது இல்ல, நீளமான லைன முறிச்சு சின்னதாக்கியும் காட்டுவோம். 3டியில அப்பிடி முறிக்க ஏலுமா?

எங்க ஒபிஸ்ல இருக்குறதும் எல்டி (ஒட்டோகேட்டோட சின்ன வேர்ஷன்) தான், அதுல சொலிட் செய்ய ஏலாது, அதுவும் ஒரு காரணம்.


தலவாக்கலை_டீச்சர்:

டிக்கோயா அண்ணே சொல்றது பைப்புக்கு நூத்துக்கு நூறு சரி. வீட்டுக்கு தான் ஒத்து வராது, ஏன்னா வீட்டுக்காரர் நாளைக்கு ஜன்னல இந்தப் பக்கம் தள்ளுங்கன்னா 2டி ஐசோவ திரும்ப கீறணும், 3டின்னா தானா மாறும்.

ஒண்ணு மட்டும் புதுசா பழகுற பிள்ளைங்களுக்கு சொல்லிடுறேன், நம்ம கிளாஸ்ல அடிக்கடி நடக்குறது. ஐசோடிராஃப்ட்ல போட்டது தட்டையான படம், அது பிளான் மாதிரி டொப் வியூவுல தான் பாக்கணும். அத வியூபோர்ட்ல வச்சு சவுத் வெஸ்ட் ஐசோ குடுத்தா நசுங்கிப் போன அப்பளம் மாதிரி தான் வரும்.

சும்மா ஒரு தகவல், இந்த ஐசோமெட்ரிக் முறைய 1822ல கேம்பிரிட்ஜ்ல வில்லியம் ஃபாரிஷ்ங்கிற பேராசிரியர் எழுதி வச்சாரு. அவரு பாடத்துக்கு மெசின் மொடல்கள கழட்டிக் கழட்டிப் பூட்டிக் காட்டுவாரு, அத பூட்டுற உதவியாளருக்கு எந்தத் துண்டு எங்க வரும்னு விளங்கணும்ங்கிறதுக்காகத் தான் இந்தப் படம். உங்க வீட்டுக்காரர் கேக்குற கேள்வியும் அதே தான்.


பதுளை_பிளான்காரன்:

எல்டியில சொலிட் செய்ய ஏலாது சரி, ஆனா முழு ஒட்டோகேட்ல செஞ்ச ஃபைல எல்டியில திறந்து லேஅவுட்ல ஐசோ கோணத்துல பாக்கலாம். வியூபேஸும் ஃபிளாட்ஷொட்டும் தான் அதுல கிடையாது.


கொட்டகலை_கோடு:

வியூபேஸ்னா என்ன? நான் வியூபோர்ட் மட்டும் தான் கேள்விப்பட்டிருக்கேன்.


மழைக்கோட்டு:

2012 வேர்ஷன்ல இருந்து வந்தது. சொலிட் மொடல் இருந்தா லேஅவுட்ல வியூபேஸ் அடிச்சு முதல்ல ஒரு வியூவ வைக்கிறது, மேலயோ பக்கத்துலயோ மவுஸ கொண்டு போனா எலிவேஷன் வரும், மூலைவாட்டுல இழுத்தா ஐசோ வரும். மறைஞ்ச கோடு தானா மறையும் இல்லாட்டி புள்ளிக் கோடா வரும், எல்லாம் சுத்தமான கோடு, ஷேட் புளொட் தொல்லையே இல்ல. மொடல மாத்தினா வியூவும் மாறும். போட முன்னாடி வியூஎஸ்டிடி அடிச்சு ஃபர்ஸ்ட் ஏங்கிளா தேர்ட் ஏங்கிளானு பாத்துருங்க, தேர்ட்ல கிடந்தா டொப் வியூ முன் எலிவேஷனுக்கு மேல போய் உக்காரும், நாம படிச்சது கீழ தானே.

குறை என்னன்னா சொலிட்டும் சர்ஃபேசும் மட்டும் தான் எடுக்கும். சும்மா போட்ட கோடு, ஹெட்ச் (உள்ள நிரப்புற கோடு), எழுத்து, மெஷ்ஷா செஞ்ச நிலம் எதுவும் வராது. உங்க காணிச் சரிவ மெஷ்ல செஞ்சிருந்தா வீடு மட்டும் காத்துல தொங்குற மாதிரி வரும். மெசின் பார்ட்ஸுக்கு தங்கம், மலைச்சரிவு வீட்டுக்கு வியூபோர்ட் தான் நல்லம்ங்கிறது என் கருத்து.

ஃபிளாட்ஷொட்னா மொடல் டெப்ல அப்ப பாத்துக்கிட்டு இருக்குற கோணத்த அப்பிடியே தட்டையாக்கி ஒரு பிளொக்கா குடுக்கும். போட்ட உடனே பிளொக் கோணலா எங்கயோ விழுந்த மாதிரி தெரியும், பயப்படாதீங்க, அது அந்த நேரத்து யூசிஎஸ்ஸோட தரையில படுத்திருக்கும், டொப் வியூவுக்கு போனா சரியா தெரியும். அது மொடல் மாறினா மாறாது, அதனால எல்லாம் கையெழுத்தாகி முடிஞ்ச பிறகு, இல்லாட்டி எல்டி வச்சிருக்குற ஆளுக்கு அனுப்ப மட்டும் பாவிங்க.


பண்டாரவளை_பென்சில்:

இத வாசிச்சிட்டு எனக்கும் ஒண்ணு கேக்கணும். ஐசோ மேல அளவு போட ஏலுமா? படி அகலத்தயும் ரிடெய்னிங் வோல் உயரத்தயும் மட்டும் அதுல காட்டச் சொல்றாங்க. டைமென்ஷன் போட்டா கோடு தரையில படுத்துக்கிது, சுவர்ல நிக்க மாட்டேங்குது.


தலவாக்கலை_டீச்சர்:

தங்கச்சி, டைமென்ஷன் எப்பவும் யூசிஎஸ்ஸோட எக்ஸ்வை தளத்துல தான் படுக்கும். அதனால சுவர்ல நிக்கணும்னா யூசிஎஸ்ஸ சுவர்ல கொண்டு போய் வைக்கணும். மொடல்ல யூசிஎஸ் அடிச்சு 3 புள்ளி காட்டுங்க: சுவரோட கீழ் மூலை, சுவர் நீளப் பக்கம் ஒரு புள்ளி, மேல் பக்கம் ஒரு புள்ளி. எக்ஸ் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தான் எழுத்து ஓடும், தலைகீழா வந்தா எக்ஸ மற்றப் பக்கம் காட்டி திரும்ப போடுங்க. வேல முடிஞ்சதும் யூசிஎஸ் அடிச்சு வேர்ல்டுக்கு வந்துருங்க.

இந்த அளவுகள தனி லேயர்ல போட்டு பிளான், எலிவேஷன் பெட்டிகள்ல மட்டும் அந்த லேயர விபி ஃப்ரீஸ் (அந்தப் பெட்டியில மட்டும் மறைக்கிறது) பண்ணுங்க, இல்லாட்டி பிளான்ல சுவர் மேல வெறும் கோடா வந்து நிக்கும், யாருக்கும் என்னன்னு விளங்காது. இதுக்கு அனொடேட்டிவ் ஸ்டைல் (ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி எழுத்து சைஸ் தானா மாறுறது) பாவிக்காதீங்க, மேல சொன்ன 0.012247 மாதிரி ஒரு ஸ்கேல் வச்சா அந்த ஸ்கேல் அதோட லிஸ்ட்ல இருக்காது, அளவே காணாமப் போயிடும்.

அதோட ஃப்ரண்ட் வியூ, லெஃப்ட் வியூ எல்லாம் குடுக்கும்போது யூசிஎஸ் தானா அந்தப் பக்கம் திரும்பிடும், பிறகு ஐசோவுக்கு போனாலும் பழைய இடத்துக்கு வராது. அதுக்குப் பிறகு போடுற சுவரெல்லாம் எழும்பி நிக்கும். அது வேணாம்னா யூசிஎஸ்ஓர்த்தோ 0 ஆக்குங்க.


கொட்டகலை_கோடு:

கடைசியா ஒண்ணு மட்டும். காணி ரோட்டுக்கு சமாந்தரமா கோணலா கிடக்குறதுனால வீட்ட உண்மையான வடக்குக்கு வச்சு 20 டிகிரி மாதிரி திருப்பி வரைஞ்சிருக்கேன். சவுத் வெஸ்ட் ஐசோ குடுத்தா வீடு ஒரு பக்கம் அகலமா மற்றப் பக்கம் ஒடுங்கி வருது, பின்பக்கப் படியும் சரியாத் தெரியல. 49 வந்தது கூட நான் முதல்ல நேரா வரைஞ்ச ஃபைல்ல. புதுசுல ஒரு சுவர் ஒரு மாதிரி மற்ற சுவர் இன்னொரு மாதிரி.


பதுளை_பிளான்காரன்:

அந்த சவுத் வெஸ்ட், நோர்த் ஈஸ்ட் எல்லாம் வேர்ல்ட் அச்ச வச்சு தான் தம்பி, உங்க வீட்ட வச்சு இல்ல. வீட்டோட ரெண்டு சுவர வச்சு ஒரு யூசிஎஸ் செஞ்சு பேர் போட்டு சேவ் பண்ணுங்க. வியூகியூப் (திரை மூலையில கோணம் மாத்துற சின்ன கியூப்) மேல ரைட் கிளிக் பண்ணி செட்டிங்ஸ்ல கியூப கரன்ட் யூசிஎஸ்ஸுக்கு திருப்புற டிக்க போட்டுட்டு வியூபோர்ட்டுக்கு உள்ள போய் கியூபோட மூலைய கிளிக் பண்ணுங்க, வீட்டுக்கு நேரான ஐசோ வரும், 0.8165 கணக்கும் சரியா வேல செய்யும்.

எந்த மூலைங்கிறது தான் உங்க கேஸ்ல பெரிய விசயம். மேட்டுப் பக்க மூலையில இருந்து பாத்தா கூரைத் தகரம் தான் முழுக்கத் தெரியும், வீடு ஒரு மாடி மாதிரி இருக்கும். பள்ளத்துப் பக்க மூலைய எடுங்க, தூண், ஸ்டோர் ரூம், படி, ரிடெய்னிங் வோல் நாலும் ஒரே படத்துல விழும். ரிடெய்னிங் வோல் படிய மறைச்சா அந்த வோல தனி லேயர்ல வச்சு அந்தப் பெட்டியில மட்டும் ஃப்ரீஸ் பண்ணிட்டு அதோட அடிக்கோட்ட மட்டும் விடுங்க.

பேர்ஸ்பெக்டிவ் போடுவமோன்னு வீட்டுக்காரர் கேட்டா உள்ள போய் பேர்ஸ்பெக்டிவ் 1 அடிச்சா வரும், போட்டோ மாதிரி அழகா இருக்கும், ஆனா அதுக்கு ஸ்கேல்னு ஒண்ணே கிடையாது, தூரத்துச் சுவர் சின்னதா போயிடும். அத தனி ஷீட்ல குடுங்க. பிரதேச சபைக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போற ஷீட்ல அவங்க பாக்கப் போறது பிளானும் செக்ஷனும் தான், அதனால இடம் பத்தலன்னா ஐசோவ சின்னதாக்குங்க, சரிவ வெட்டிக் காட்டுற செக்ஷன சின்னதாக்காதீங்க.


கொட்டகலை_கோடு:

சரி அண்ணே, பள்ளத்துப் பக்க மூலையில இருந்து எடுத்தேன், படி இப்ப நல்லா தெரியுது. வோல ஃப்ரீஸ் பண்ணல, லெகசி ஹிடன்லயே படி பாதிக்கு மேல தெரியிறதுனால அப்பிடியே விட்டுட்டேன். "அளவுக்கு அல்ல" எழுதியாச்சு. வீட்டுக்காரர் நாளைக்கு வாறாரு, இப்ப கூரை கலர கேப்பாருன்னு நினைக்கிறேன்.


மழைக்கோட்டு:

கேட்டா கொன்செப்சுவல்ல இன்னொரு லேஅவுட் கொப்பி எடுத்து வச்சுக்கங்க, இருக்குறத கெடுக்காதீங்க. டெப் மேல ரைட் கிளிக், மூவ் ஓர் கொப்பி, கிரியேட் ஏ கொப்பி டிக். லொக்கோட சேத்து எல்லா வியூபோர்ட்டும் அப்பிடியே வரும்.